மாயா மூர் 29 வயதில் ஆட்டத்தை விட்டது ஏன்?

மாயா மூர் கதையை யார் சொன்னாலும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உலகத்தின் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரி, உச்சத்தில் இருக்கும்போது ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார், தவறான தீர்ப்பால் சிறையில் கிடந்த ஒருவரை வெளியே கொண்டுவந்தார், அப்புறம் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். எல்லாம் நடந்ததுதான், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் இப்படிச் சொல்லும்போது, 2019 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் எழுந்து "இன்றிலிருந்து தியாகம்" என்று முடிவு செய்தவர் போல அவர் ஆகிவிடுகிறார். எனக்கு அந்த வடிவம் ஒட்டவே இல்லை. அவர் வெளியேறியதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே வந்த இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று ஓய்வே இல்லாமல் ஓடிய உடம்பு, அதை ஓட வைத்த சம்பளக் கணக்கு. இன்னொன்று மிசௌரி மாநிலத்தில் கிடந்த ஒரு வழக்குக் கட்டு. முதலாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1989 ஜூன் 11, மிசௌரியின் ஜெஃபர்சன் சிட்டியில் பிறந்தார். (அந்த ஊர்ப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.) அம்மா தனியாக வளர்த்த பிள்ளை. மூன்று வயதில் வீட்டுக் கதவில் அம்மா ஒரு சின்ன ரிங் மாட்டிவிட்டதில் ஆட்டம் தொடங்கியது. பிறகு ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்து, காலின்ஸ் ஹில் உயர்நிலைப் பள்ளிக்காக ஆடி மூன்று முறை மாநிலப் பட்டம் வாங்கினார். 2007இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்து என்றால் அந்தக் காலேஜ் பெயரும் கோச் ஜீனோ ஆரியெம்மா பெயரும்தான் முதலில் வரும். அங்கே நாலு வருஷத்தில் அவர் இருந்த அணி 150 ஆட்டங்களில் ஜெயித்தது, நாலே நாலில் தோற்றது. 2009, 2010 இரண்டு வருஷமும் 39க்கு 39 ஜெயித்து தேசியப் பட்டம். தொடர்ச்சியாக 90 வெற்றி, அதை 2010 டிசம்பர் 30ஆம் தேதி ஸ்டான்ஃபோர்ட் நிறுத்தியது. மூர் மட்டும் எடுத்தது 3,036 பாயிண்ட். படிப்பிலும் குறை வைக்கவில்லை என்பதை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லிவிடுவார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

2011 டிராஃப்டில், அதாவது அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவின் அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் ஆளாக மினசோட்டா லிங்க்ஸ் அவரை எடுத்தது. 1999இல் தொடங்கிய அணி, அதுவரை பிளேஆஃப் (பட்டத்துக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) பக்கம் எட்டிப் பார்த்ததே இரண்டு முறைதான். முந்தின வருஷம் 13 வெற்றி, 21 தோல்வி. மூர் வந்த வருஷம் 27 வெற்றி, 7 தோல்வி, அட்லாண்டாவை 3–0 என்று வீழ்த்தி முதல் பட்டம். எல்லாம் மூர் ஒருவரால்தான் என்று சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம். லிண்ட்சே வேலன், சிமோன் அகஸ்டஸ், ரெபெக்கா பிரன்சன் மூவரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், கோச் செரில் ரீவ் இருந்தார், 2015இல் நடுவே சில்வியா ஃபவுல்ஸ் வேறு வந்து சேர்ந்தார். ஆனாலும் இந்தப் பெயர்களை ஒரு அணியாகக் கட்டிய ஆணி மூர்தான் என்பது என் அபிப்பிராயம். ஏழு வருஷத்தில் ஆறு ஃபைனல்ஸ் (பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசித் தொடர்), அதில் 2011, 2013, 2015, 2017 என்று நாலு பட்டம்.

ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால், 2015 ஃபைனல்ஸ் மூன்றாவது ஆட்டத்தின் கடைசி ஷாட்டைப் பார்க்கச் சொல்வேன். எதிரணி இண்டியானாவின் சொந்த மைதானம், 77–77, மிச்சம் 1.7 விநாடி. பந்தை வாங்கினார், எறிவது போல ஒரு பாவனை காட்டினார், தடுக்க வந்தவர் காற்றில் பறந்து போனார், ஒரு தட்டு, நகர்ந்து எறிந்தார், மூன்று பாயிண்ட். 1.7 விநாடியில் பெரும்பாலானவர்கள் பந்து கைக்கு வந்ததும் பதற்றத்தில் தூக்கி எறிவார்கள், இவர் அதற்குள் எதிராளியை ஏமாற்றவும் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். அந்தத் தொடரை ஜெயித்த இரவு பாடகர் பிரின்ஸ் மொத்த அணியையும் தன் வீடும் ஸ்டுடியோவுமான பெய்ஸ்லி பார்க்குக்கு அழைத்துக் கச்சேரி நடத்தினார். அதற்கு முந்தின வருஷம்தான் மூருக்கு லீக்கின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஆட்டத்துக்கு 23.9 பாயிண்ட் சராசரி, அட்லாண்டாவுக்கு எதிரே இரட்டை ஓவர்டைம் போன ஒரே ஆட்டத்தில் 48. 2012 லண்டன், 2016 ரியோ இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். ஜோர்டன் பிராண்ட் ஒப்பந்தம் செய்த முதல் கூடைப்பந்து வீராங்கனையும் இவர்தான்.

ஓய்வில்லாத காலண்டர்

இந்தப் பட்டியலைப் பார்த்துப் பிரமிக்கிறவர்கள் அதற்குள் இருக்கும் தேதிகளைக் கவனிப்பதில்லை. 2011 ஏப்ரல் தொடக்கத்தில் காலேஜ் சீசன் முடிகிறது. ஒரு வாரம் கழித்து டிராஃப்ட். ஜூனில் லீக் ஆரம்பம். அக்டோபர் 7ஆம் தேதி பட்டம். உடனே ஸ்பெயினுக்குப் போய் ரோஸ் காசரெஸ் வலென்சியா அணியில் குளிர்காலம் முழுக்க ஆட்டம், 2012இல் அங்கே ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோலீக் கோப்பை. மே மாதம் மறுபடி மினசோட்டா. ஜூலை, ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக். திரும்பி வந்து அக்டோபரில் ஃபைனல்ஸ், அந்த முறை இண்டியானாவிடம் தோல்வி. அப்புறம் சீனா. ஷான்சி அணிக்காக 2013, 2014, 2015 மூன்று பட்டம், அந்தக் குளிர்காலங்களும் அங்கேயே கழிந்தன. இதில் எங்கே ஓய்வு?

ஏன் இப்படி ஓட வேண்டும்? காசுக்காகத்தான், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. டபிள்யூஎன்பிஏவில் 2011இல் டிராஃப்டின் முதல் ஆளுக்கு முதல் வருஷச் சம்பளம் சுமார் 45,000 டாலர். பத்து வருஷம் ஆடிய பெரிய நட்சத்திரத்துக்கும் 2018 வாக்கில் அடிப்படைச் சம்பளம் 1,20,000 டாலரைத் தொடாது. ரஷ்யாவும் சீனாவும் துருக்கியும் அதைப் போலப் பல மடங்கு கொடுத்தன. இந்த ஏற்பாடு எவ்வளவு தலைகீழானது என்பதற்கு இன்னொரு டபிள்யூஎன்பிஏ நட்சத்திரம் டயானா டௌராசியின் விஷயம் போதும். 2015இல் ரஷ்யாவின் எகாதெரின்பர்க் அணி, சுமார் 15 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்த அவரிடம், அமெரிக்க சீசனை ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தது. அவரும் ஓய்வெடுத்தார். சொந்த நாட்டு லீக்கில் ஆடாமல் இருப்பதற்கு வெளிநாட்டு முதலாளி சம்பளம் தருகிற நிலைமை ஆண்கள் என்பிஏவில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மூரும் அதே எகாதெரின்பர்க்குக்குப் போய் 2018இல் யூரோலீக் ஜெயித்தார்.

2015 ஏப்ரலில் மூர் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. காலேஜில் ஆடியபோது நாடே பார்த்தது, தொழில்முறை லீக்குக்கு வந்ததும் யாருக்கும் தெரியாதவராகிப் போனேன் என்பதுதான் அதன் சாரம். கோபமாக இல்லை, தயவாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் களைப்பு தெரிந்தது. 2019இல் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தக் கட்டுரைதான் முதல் சாட்சி என்று நான் நினைக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே, ஆட்டம் தனக்குக் கொடுப்பதையும் தன்னிடம் எடுப்பதையும் அவர் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிசௌரி வழக்கு

1997 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் புறநகர்ப் பகுதியான ஓஃபாலனில் ஒரு வீட்டில் திருட்டு. வீட்டுக்காரர் திரும்பி வரும்போது திருடன் உள்ளே இருக்கிறான், துப்பாக்கிச் சூடு நடக்கிறது, குண்டுக் காயத்தோடு வீட்டுக்காரர் உயிர் பிழைக்கிறார். கைதானவர் ஜொனதன் அயர்ன்ஸ், வயது 16, கறுப்பினப் பையன், ஏழை. சிறுவனாக இல்லாமல் பெரியவராகவே விசாரிக்கப்பட்டார். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். தண்டனை 50 வருஷம்.

ஆதாரம் என்ன இருந்தது? கைரேகை பொருந்தவில்லை, டிஎன்ஏ இல்லை, துப்பாக்கியும் இவரிடம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் அடையாளம் காட்டினார். புகைப்படங்களைக் காட்டியபோது அவரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் உத்தேசமாகச் சொல்லும்படி கேட்கப்பட்டார் என்பது பின்னால் பெரிய விவாதமானது. அப்புறம் ஒரு போலீஸ் அதிகாரி, தன்னிடம் பையன் ஒப்புக்கொண்டான் என்று சொன்னார். ஒலிப்பதிவு கிடையாது, அயர்ன்ஸ் கடைசி வரை அதை மறுத்தார். இவ்வளவுதான்.

மூரின் குடும்பத்தில் சிறை ஊழியம் செய்த பெரியவர் ஒருவர் மூலமாக அயர்ன்ஸ் பழக்கமானார். மூரை வளர்த்த வட்டத்தில் இருந்தவர்கள் வழக்குக் காகிதங்களைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். 2007இல், கனெக்டிகட்டுக்குப் போகும் முன்னால், 18 வயசுப் பெண்ணாக மூர் அவரை முதலில் சிறையில் போய்ப் பார்த்தார். இந்த வருஷத்தைக் கவனியுங்கள். காலேஜ் பட்டங்களுக்கும் முன்னால், லிங்க்ஸுக்கும் முன்னால், ஒலிம்பிக்குக்கும் முன்னால் தொடங்கிய பழக்கம் அது. அவருடைய தொழில் வாழ்க்கை முழுக்க இந்த வழக்கு கூடவே வந்தது, நமக்குத்தான் 2019இல் தெரிய வந்தது.

நடுவே 2016. ஜூலை 5ஆம் தேதி லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங், மறுநாள் மினசோட்டாவிலேயே, லிங்க்ஸ் ஆடும் ஊருக்குப் பக்கத்தில், ஃபிலாண்டோ காஸ்டீல், இருவரும் போலீஸ் துப்பாக்கியில் செத்தார்கள். 7ஆம் தேதி டல்லாஸில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 9ஆம் தேதி ஆட்டத்துக்கு முன்னால் லிங்க்ஸ் ஆட்டக்காரர்கள் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். முன்பக்கம் மாற்றம் நம்மிடமிருந்து தொடங்கட்டும் என்ற வாசகம், பின்பக்கம் செத்துப்போன இருவர் பெயரும், டல்லாஸ் போலீஸ் சின்னமும், கறுப்பினத்தவர் உயிரும் முக்கியம் என்ற வரியும். இரண்டு தரப்பு மரணத்துக்கும் சேர்த்துத்தான் துக்கம் அனுசரித்தார்கள். அப்படியிருந்தும் பாதுகாப்பு வேலைக்கு வந்திருந்த, பணி நேரத்தில் இல்லாத நாலு போலீஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் கொலின் காபர்னிக் தேசிய கீதத்தின்போது எழ மறுத்தது செய்தியானது இதற்குப் பிந்தி, ஆகஸ்டில். விளையாட்டும் அரசியலும் என்று யாராவது பேசத் தொடங்கினால் காபர்னிக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள், இந்தப் பெண்கள் ஒரு மாதம் முந்தியது யாருக்கும் நினைவு வருவதில்லை.

2017இல் நாலாவது பட்டம். 2018 சீசனில் முதல் சுற்றிலேயே லாஸ் ஏஞ்சலஸிடம் தோற்று வெளியேறினார்கள். அதுதான் மூரின் கடைசி ஆட்டம், அப்போது யாருக்கும் தெரியாது. 2019 பிப்ரவரியில், இந்த வருஷம் ஆடவில்லை, குடும்பத்துக்கும் ஊழியத்துக்கும் நேரம் கொடுக்கப் போகிறேன் என்று எழுதி வெளியிட்டார். அயர்ன்ஸ் வழக்குதான் காரணம் என்று பிறகு பேசிக்கொண்டாலும், அவர் முதலில் சொன்னது ஓய்வும் குடும்பமும் இறைநம்பிக்கையும்தான். எட்டு வருஷம் இரண்டு கண்டங்களில் ஓடியவர் நிற்க வேண்டும் என்கிறார், அவ்வளவு எளிமையான வாக்கியத்தை நாம்தான் பெரிய தியாகமாக மாற்றிக்கொண்டோம்.

தீர்ப்பு எதனால் வந்தது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு நட்சத்திரத்தின் புகழ் சிறைக் கதவைத் திறந்தது என்று நம்பினால் வழக்கே புரியாமல் போய்விடும்.

அயர்ன்ஸ் தரப்பு போட்டது ஆட்கொணர்வு மனு, அதாவது ஒருவரை அடைத்து வைத்திருப்பது சட்டப்படி சரிதானா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் மனு. 2019 அக்டோபரில் ஜெஃபர்சன் சிட்டியில் விசாரணை, மூர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கின் உயிர்நாடி ஒரு கைரேகை அறிக்கை. சம்பவம் நடந்த வீட்டுக் கதவின் உள்பக்கத்தில் கிடைத்த ஒரு ரேகை அயர்ன்ஸுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை என்று அதில் இருந்தது. அப்படியானால் அது யாருடையது? அந்தக் கேள்வியை 1998 ஜூரி முன்னால் வைக்கவே முடியவில்லை, ஏனென்றால் அந்த அறிக்கை அயர்ன்ஸின் வக்கீலுக்குத் தரப்படவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 1963இலிருந்து பிரேடி விதி என்று ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரம் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை மறைக்கக் கூடாது, மறைத்தால் தீர்ப்பு நிற்காது. 2020 மார்ச் 9ஆம் தேதி நீதிபதி டேனியல் கிரீன் தண்டனையை ரத்து செய்தார். மிசௌரி அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விடவில்லை, மேல்முறையீடு செய்தது, மேல் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. மறுவிசாரணை வேண்டாம் என்று உள்ளூர் அரசு வழக்கறிஞர் முடிவெடுத்ததும் ஜூலை 1ஆம் தேதி ஜெஃபர்சன் சிட்டி சிறையிலிருந்து அயர்ன்ஸ் வெளியே வந்தார். மூர் பிறந்த அதே ஊர். 16 வயசில் உள்ளே போனவருக்கு அப்போது 40 வயசு.

ஆக, கதவைத் திறந்தது ஒரு காகிதம். மூரின் பணமும் பெயரும் செய்தது வேறு வேலை. நல்ல வக்கீல் வைக்க முடிந்தது, பத்திரிகைகள் அந்த நீதிமன்றத்துக்கு வந்தன, யாரும் படிக்காமல் தூசி படிந்து கிடக்க வேண்டிய மனுவை நாடே கவனித்தது. இதைக் குறைத்துச் சொல்லவில்லை, வக்கீல் கட்டணம் கட்ட வழியில்லாமல் இதே போன்ற அறிக்கைகள் எத்தனை கட்டுகளில் கிடக்கின்றனவோ. ஆனால் காகிதம் இல்லாமல் புகழ் மட்டும் இருந்திருந்தால் நீதிபதி ஒன்றும் செய்திருக்க முடியாது. அதே சமயம் இந்தக் கதையில் குண்டடி பட்ட வீட்டுக்காரரையும் மறந்துவிடக் கூடாது, அந்தத் தீர்ப்பு விழுந்ததும் அவருக்கு நடந்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லாமல் போனார்கள்.

விடுதலையான சில நாட்களில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், செப்டம்பரில் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். உடனே ஒரு கூட்டம், ஓ, காதலுக்காகத்தானா இதெல்லாம் என்று கேட்டது. காதலாக இருந்தால் கைரேகை மாறிவிடுமா? எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

2020 சீசனையும், டோக்கியோ ஒலிம்பிக்கையும் விட்டுவிடுவதாக அந்த வருஷ ஜனவரியிலேயே அவர் சொல்லியிருந்தார். கொரோனாவால் ஃபுளோரிடாவில் ஒரே இடத்தில் அடைத்து நடத்திய அந்த சீசனில், மூரின் பழைய அணித்தோழி ரெனே மாண்ட்கோமரி, வாஷிங்டனின் நட்டாஷா கிளவுட் இருவரும் சமூக நீதி வேலைக்காக ஆடாமல் ஒதுங்கினார்கள். 2018 வரை இப்படி ஒரு காரணத்துக்காக சீசனை விடுவது விசித்திரமாகத் தெரிந்திருக்கும், மூர் போனபின் அது ஒரு ஆட்டக்காரி எடுக்கக்கூடிய சாதாரண முடிவுகளில் ஒன்றாகிவிட்டது. மூர் திரும்பி வரவே இல்லை. 2022இல் மகன் பிறந்தான், 2023 ஜனவரியில் முறையாக ஓய்வை அறிவித்தார். 2024 ஆகஸ்டில் லிங்க்ஸ் அவருடைய 23ஆம் நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று மேலே ஏற்றியது. 2025இல் கூடைப்பந்தின் பெரிய கௌரவமான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

இன்னும் ஆடியிருந்தால் எல்லாரையும் மிஞ்சியிருப்பாரா என்ற வாதம் ரசிகர்களிடம் ஓயாது. வெறும் எட்டு சீசன், ஆட்டத்துக்கு 18.4 பாயிண்ட் சராசரி. டௌராசி 20 சீசன் ஆடினார், மொத்தப் பாயிண்டில் மூரால் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் சீசனுக்கு எத்தனை பட்டம் என்று பார்த்தால் மூர் இரண்டுக்கு ஒன்று. என்னைக் கேட்டால் எட்டு வருஷம் யார் வேண்டும் என்றால் மூர், இருபது வருஷம் யார் வேண்டும் என்றால் டௌராசி.

காலண்டர் விஷயத்துக்கு வருவோம். மூர் போன சில வருஷத்தில் அந்தப் பழைய ஏற்பாடே ஆட்டம் கண்டது. 2020 ஒப்பந்தத்தில் அதிகபட்ச அடிப்படைச் சம்பளம் 2,15,000 டாலராக உயர்ந்தது. 2022 பிப்ரவரியில் டபிள்யூஎன்பிஏ நட்சத்திரம் பிரிட்னி கிரைனர், மூர் ஆடிய அதே எகாதெரின்பர்க் அணிக்காகப் போன இடத்தில், மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி டிசம்பர் வரை ரஷ்யாவில் அடைபட்டார். குளிர்காலச் சம்பாத்தியத்துக்கு ரஷ்யா என்ற வழி அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய அத்தோடு மூடிப்போனது. 2025 ஜனவரியில் மயாமியில் அன்ரைவல்ட் என்ற மூவர் அணி லீக் தொடங்கியது, குளிர்காலத்தில் உள்ளூரிலேயே ஆடலாம், முதல் சீசனில் சராசரிச் சம்பளம் 2,20,000 டாலருக்கு மேல், ஆட்டக்காரர்களுக்குப் பங்கும் உண்டு. ஆரம்பித்தவர்கள் இருவர், பிரெயன்னா ஸ்டூவர்ட், நஃபீசா கோலியர். இருவரும் மூர் படித்த கனெக்டிகட்காரர்கள். இதில் கோலியரை லிங்க்ஸ் டிராஃப்டில் எடுத்தது 2019இல், மூர் ஆடாமல் நின்ற முதல் சீசனுக்கு.